முதியோரைப் பேணும் தொழிலும் அதன் ஊதியமும்

தறிக்குழியில் ஐம்பது ஆண்டு காலம் கால்களை இறக்கி அமர்ந்து மிதியை மிதித்தவரின் முழங்கால்கள் ஒரு நாள் கணக்குக் கேட்கத் தொடங்குகின்றன. கண்கள் இழையைக் காண மறுக்கின்றன. வயலில் குனிந்து நாற்று நட்ட அம்மையாரின் முதுகு குனிந்தபடியே நின்றுவிடுகிறது. நம் அங்கத்தினர் வீடுகளில் இக்காட்சியைக் காணாத வீடு அரிது. நூல் விலையைப் பற்றியும், சாயத்தைப் பற்றியும், உரத்தைப் பற்றியும், கடன் தவணையைப் பற்றியும் இப்பக்கங்களில் எவ்வளவோ எழுதி வந்திருக்கிறோம். தறியை விட்டு எழுந்தவரையும் ஏரை விட்டு இறங்கியவரையும் பேணுவோர் யார், அவ்வாறு பேணுவோருக்குக் கிடைப்பது யாது என்பதைப் பற்றி எழுதியதில்லை. அக்குறையை ஒப்புக்கொண்டு, இம்மாதம் அப்பொருளை எடுத்துக்கொள்கிறோம்.

2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், இந்தியா முழுவதிலும் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ 10.4 பேர். முன்பு ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் இன்று ஒருவரோ இருவரோ உள்ளனர். அவர்களும் திருப்பூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்தும் பிழைப்பைத் தேடிப் போய்விட்டனர். பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகள்மீது வழக்குத் தொடுக்க 2007ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றியது; மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்கும்படி தீர்ப்பாயம் ஆணையிட அச்சட்டம் வழி செய்தது. நல்ல சட்டமே. ஆயினும் படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை இடப்புறத்திலிருந்து வலப்புறம் திருப்பிக் கிடத்த எந்தத் தீர்ப்பாயத்தாலும் இயலாது. அதற்கு இரு கைகள் வேண்டும். அக்கைகளுக்குத் தொழிலும் தெரிந்திருக்க வேண்டும்.

நெசவாளர் ஊர் ஒன்றில் நாம் நன்கு அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. பெயரையும் ஊரையும் குறிப்பிடாதிருக்கும்படி அவர்கள் கேட்டுக்கொண்டதால் அவற்றை விடுத்து எழுதுகிறோம். வீட்டுப் பெரியவர் பட்டுப் புடவை நெய்தவர், எழுபத்தெட்டாம் வயதில் பக்கவாதம் கண்டு வலக்கையும் வலக்காலும் வீழ்ந்தன, பேச்சும் பாதியாயிற்று. மனைவி முன்னமே மறைந்துவிட்டார். ஒரு மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். உடனிருக்கும் மகனும் மருமகளும் ஆளுக்கொரு தறியில் அமர்ந்தால்தான் அடுப்பு எரியும். மருமகள் தறியை விட்டு மாமனாரைக் கவனிப்பதென்றால் வாரக் கூலியில் பாதி போய்விடும். ஆகவே, அடுத்த தெருவில் தார் சுற்றிப் பிழைத்து வந்த ஓர் அம்மையாரைப் பகல் வேளைக்குக் கூலி பேசி அமர்த்தினார்கள்.

அவர் கணவனை இழந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். போயும் போயும் இந்த வேலைக்கா போகிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டதை அவரே நம்மிடம் சொன்னார். பெரியவரும் அவரை ஏற்கவில்லை. ‘பெரியப்பா’ என்று அழைத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்; கஞ்சியை வாயருகே கொண்டு சென்றால் உதடுகளை இறுக்கிக்கொள்வார். தொழிலில் கைதேர்ந்த ஒருவர், பிறர் கையால் உண்ணவும் பிறர் கையால் கழுவப்படவும் நேரும்போது அடையும் அவமானம் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதை அவர் பிடிவாதம் என்று வீட்டார் கருதினர். அம்மையார் அவ்வாறு கருதவில்லை.

அவர் செய்தது இதுதான். பெரியவர் உறங்கும் நடுப்பகலில் சும்மா இருப்பானேன் என்று, தம் ராட்டையைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அருகில் வைத்துத் தார் சுற்றலானார். ராட்டைச் சத்தம் கேட்டு முதியவரின் முகம் சுவரிலிருந்து திரும்பியது. சில நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் இழை சற்றே தளர்ந்து சுற்றியது; தளர்ந்த தார் நாடாவுக்குள் சிக்கும் என்பது நம் அங்கத்தினர் எவரும் அறிந்ததே. அவர் நாக்கைச் சப்புக் கொட்டி, இடக்கையைத் தூக்கி, விரல்களால் இழையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். அன்று மாலை கஞ்சி குடித்தார்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக இயன்முறைப் பயிற்சி அளிப்பவர் ஒருவர் அவ்வீட்டுக்கு வந்து போனார். வீழ்ந்த கைக்குப் பிடிப்பு வருவதற்காக ஒரு ரப்பர்ப் பந்தைக் கொடுத்தார். பெரியவர் அதை எறிந்துவிட்டார். அம்மையார் வெறுந் தார்க்குச்சி ஒன்றை அக்கையில் வைத்தார். அதை அவர் எறியவில்லை. நான்கு மாதங்கள் கழித்து அவர் திண்ணையில் தலையணை அணைவோடு அமர்ந்து, இரு கைகளாலும் தம்ளரைத் தாமே பிடித்து மோர் குடித்தார். பாதி மேலே கொட்டிற்று. அப்போது உதவிக்குத் தம் கை நீளாதபடி அடக்கிக்கொண்டதே தாம் செய்த வேலைகளில் கடினமானது என்று அம்மையார் சொன்னார். இச்சொல்லை நாம் பல நாள் எண்ணியிருக்கிறோம். பேணுவோர் எல்லாவற்றையும் தாமே செய்துவிட்டால் வேலை விரைவில் முடியும். ஆனால் முதியவருக்கு எஞ்சியிருக்கும் சிறு வலிமையும் பயனின்றிப் போய்விடும். எதைச் செய்வது என்பதைவிட எதைச் செய்யாதிருப்பது என்று அறிவதில்தான் இத்தொழிலின் நுட்பம் இருக்கிறது.

நுட்பம் என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே வழங்குகிறோம். முதியோரைப் பேணுவதற்குப் பொறுமை ஒன்றே போதும், கல்வி வேண்டுவதில்லை என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அது தவறு. அசையாது கிடப்பவரின் இடுப்பெலும்பு, பிட்டம், குதிகால் ஆகிய இடங்களில் உடலின் பாரம் ஓயாமல் அழுத்துவதால் இரத்தம் ஓடாது சதை அழுகிப் புண்ணாகிறது. முதலில் தோன்றுவது வெறும் சிவப்பு அல்லது கருமைத் தடம். விரலால் அழுத்தினாலும் அது மாறுவதில்லை. அத்தடத்தைக் கண்ட அன்றே கண்டுகொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளவில் புரட்டிக் கிடத்தி, ஈரம் தங்காமல் துடைத்துக் காத்தால் புண் வராமலே தடுக்கலாம். கவனியாது விட்டால் எலும்பு வரை செல்லும். பக்கவாதம் கண்டவருக்குப் படுத்த நிலையில் உணவூட்டினால் அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் சீழ் பிடிக்கும். நிமிர்த்தி அமர்த்தி, சிறு கவளமாக, ஒன்று இறங்கிய பின்னரே அடுத்ததைத் தர வேண்டும். உண்டபின் அரைமணி நேரமாவது சாய்க்கக் கூடாது. தளர்ந்த தோளைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் மூட்டு நழுவும். முதியோருக்குத் தாகம் எளிதில் தோன்றாது. கேளாமலே நீர் கொடுக்க வேண்டும். மறதி நோய் கண்டவர் நள்ளிரவில் எழுந்து, இறந்துபோன அண்ணனைத் தேடினால், அவர் இறந்து இருபது ஆண்டாயிற்று என்று சொல்வது உண்மைதான். ஆனால் கேட்பவருக்கு அது புதிய சாவாகிவிடும். அண்ணனைப் பற்றிப் பேச்சுக் கொடுத்து மெல்லப் படுக்கைக்குத் திருப்புவதே வழி. இவற்றையெல்லாம் பழக, பாவு பிணைக்கக் கற்பது போலவே, அறிந்தவர் அருகிருந்து காட்ட வேண்டும்.

இனி ஊதியத்துக்கு வருவோம். ஊதியம் இரு வகை. கையில் கொடுப்பது ஒன்று. கொடுக்க இயலாதது மற்றொன்று. இரண்டாவதைப் பற்றிப் பேசுவதில் ஓர் ஆபத்து உண்டு. ‘புண்ணியம்’ என்றும் ‘சேவை’ என்றும் உயர்த்திச் சொல்லிவிட்டு முதலாவதைக் குறைத்துக் கொடுப்பது உலக வழக்கம். ஆகையால் இரண்டையும் பேசுவோம்.

நாம் அறிந்த அம்மையாரைக் கேட்டோம்: இந்த வேலையில் உமக்குக் கிடைத்தது என்ன? பெரியவர் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லையாம். திட்டியதுதான் மிகுதி. ஆனால் அவர் தம் அரைப்பேச்சில், கோர்வைப் புடவையில் உடலையும் கரையையும் இணைத்து நெய்வதில் தாம் கண்ட உபாயங்களையும், எந்தக் கரைக்கு எந்தச் சரிகை நிற்கும் என்பதையும், வேலையற்றுத் தறி ஓய்ந்திருந்த காலத்தில் நெசவாளர் குடும்பங்கள் எதை உண்டு பிழைத்தன என்பதையும் அவரிடம் சொன்னார். பெற்ற மகனுக்கு அவற்றைக் கேட்க நேரமிருந்ததில்லை. முதியோரிடம் இருக்கும் இச்செல்வத்தைச் சங்கத்துக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று நமக்குத் தெரியவில்லை. பேணுபவர் கையில் அது தானே வந்து சேருகிறது. நேற்று இயலாதது இன்று இயன்றதைக் கண்ணால் காணும் மகிழ்ச்சி மற்றொன்று. நெய்பவருக்குப் புடவை அறுபடும் நாளில் வரும் மகிழ்ச்சி அது. மூன்றாவதாக அவர் சொன்னது நாம் எதிர்பாராதது: தமக்குச் சாவைப் பற்றிய அச்சம் குறைந்துவிட்டதாம்.

பெரியவர் இரண்டு ஆண்டுகள் இருந்து ஒரு கார்த்திகை மாதத்தில் காலமானார். உடலைக் குளிப்பாட்டிய பங்காளிகள், இத்தனை நாள் கிடந்தவர் முதுகில் ஒரு புண்கூட இல்லையே என்று வியந்து வெளியே வந்து சொன்னார்கள். ‘இந்த வேலைக்கா’ என்று கேட்ட அதே தெருவில் அச்சொல் பரவியது. எந்தச் சான்றிதழையும்விட அது பெரிது. ஆனால் அன்று அந்த அம்மையார் நின்ற இடத்தையும் சொல்ல வேண்டும். உறவுப் பெண்கள் சூழ்ந்து அழுதனர். அவர் உறவினர் அல்லர். அந்நியரும் அல்லர். கூடத்தில் ஓய்ந்திருந்த தறியருகில் ஒதுங்கி நின்றார். அன்றோடு அவர் கூலியும் நின்றது. அடுத்த வீடு கிடைக்க ஏழு வாரங்கள் ஆயின. அதுவரை மீண்டும் ராட்டைதான்.

இங்கேதான் கூட்டுறவாளர்களாகிய நமக்கு வேலை இருக்கிறது. தனியே நின்று கூலி பேசுபவரின் நிலை எத்தகையது என்பதை, மாஸ்டர் வீவரிடம் நூல் வாங்கி நெய்த காலத்தை மறவாத நெசவாளருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

செல்வம் மிக்க அமெரிக்க நாட்டிலும் இதே கதைதான். அங்கு வீட்டு வேலை செய்வோருக்கு 1974இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விரிவாக்கப்பட்டபோது, முதியோருக்கும் நோயுற்றோருக்கும் ‘துணையிருப்போர்’ விலக்கி வைக்கப்பட்டனர். துணையிருத்தல் என்றாலே அது தொழிலாகாது என்ற எண்ணம்! நியூயார்க்கில் முதியோரை வீடுகளில் பேணி வந்த ஈவ்லின் கோக் என்ற அம்மையார், மிகைநேரக் கூலி கேட்டு வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2007இல் நீதிபதிகள் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். பிறரைப் பேணியே வாழ்ந்த அவர் தாமே நோயுற்று 2009இல் மறைந்தார். விதி 2013இல் திருத்தப்பட்டு 2015இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2025இல் அத்திருத்தத்தைத் திரும்பப் பெறும் முன்மொழிவும் அங்கு எழுந்தது.

அதே நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், ஏழை மக்கள் நெருங்கி வாழும் இடத்தில், 1985ஆம் ஆண்டு ஒரு கூட்டுறவு தோன்றியது. பெயர் கோவாப்பரேட்டிவ் ஹோம் கேர் அசோசியேட்ஸ். வீடுகளுக்குச் சென்று முதியோரையும் நோயுற்றோரையும் பேணும் பெண்கள் பன்னிரண்டு பேரளவில் அதைத் தொடங்கினர். அவர்களே பணியாளர், அவர்களே உடைமையாளர். தொடக்க ஆண்டுகளில் நட்டம். இரண்டு மூன்று ஆண்டுகளில் தலை நிமிர்ந்தது. 2010க்குப் பிந்திய ஆண்டுகளில் அதன் பணியாளர் தொகை ஏறத்தாழ 2,000ஐ எட்டியது. பணியாளர் உடைமையான கூட்டுறவுகளில் அமெரிக்காவிலேயே பெரியது என்ற பெயரும் பெற்றது.

அங்கத்தினராவதற்குரிய பங்கு 1,000 டாலர். அன்றாடம் உழைத்துண்ணும் பெண்ணால் அத்தொகையை ஒருசேரக் கட்ட முடியுமா? ஆகவே முதலில் 50 டாலர் செலுத்தினால் போதும். எஞ்சியதைக் கூலியிலிருந்து வாரந்தோறும் சிறு தொகையாகப் பிடித்துக்கொண்டார்கள். நம் சங்கங்கள் பங்குத் தொகையைச் சிறுகச் சிறுகச் சேர்த்த வழியே இது. ஒருவருக்கு ஒரு வாக்கு. நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையோரைப் பணியாளரே தேர்ந்தெடுப்பர். இலாபம் வந்த ஆண்டில் பங்காதாயம் உண்டு.

இவற்றைவிட நம் கருத்தைக் கவர்ந்தவை இரண்டு. புதிதாக வருவோருக்குச் சில வாரப் பயிற்சியைக் கூட்டுறவே இலவசமாக அளிக்கிறது. ஆங்கிலமும் ஸ்பானிஷும் ஆகிய இரு மொழிகளிலும் கற்பிக்கிறார்கள். பயிற்சி என்றால் கட்டில் திருத்துவதும் குளிப்பாட்டுவதும் மட்டுமன்று. சினந்து கத்தும் முதியவருக்கு எவ்வாறு விடையிறுப்பது, தமக்கே சினம் மூளும்போது என்ன செய்வது என்பவையும் பாடங்கள். இரண்டாவது, நம் அம்மையாரின் ஏழு வாரங்களுக்கு மருந்தாவது: குறிப்பிட்ட ஆண்டுகள் பணி புரிந்தவருக்கு, பேண வேண்டியவர் இறந்தாலும் மருத்துவமனைக்குச் சென்றாலும், வாரத்துக்கு 30 மணி நேரக் கூலியைக் கூட்டுறவு உறுதி செய்தது. அதற்கு ஈடாக, அழைத்த வீட்டுக்குச் செல்ல அவர் இசைய வேண்டும். இத்தொழிலில் ஆண்டுதோறும் பாதிப் பேர் வேலையை விட்டு ஓடும் நாட்டில், இக்கூட்டுறவில் நிலைத்திருப்போர் மிகுதி. முதியவருக்கும் இது நன்மை. மாதம் ஒரு புதிய முகம் வந்து தம்மைக் கழுவிவிடுவதை யார்தான் விரும்புவர்? கூலி அங்கும் உயர்ந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். பணம் பெரும்பாலும் ஏழையர் மருத்துவத்துக்கான அரசுத் திட்டத்திலிருந்து வருகிறது. அரசு எவ்வளவு கொடுக்கிறதோ அதற்குள்ளேதான் எந்தக் கூட்டுறவும் நடக்க இயலும்.

பயிரிடும் அங்கத்தினருக்கு ஜப்பான் நாட்டுச் செய்தி உகந்ததாயிருக்கும். அங்கு இளைஞர் நகரங்களுக்குச் செல்ல, கிராமங்களில் முதியவரே எஞ்சினர். 1992இல் வேளாண்மைக் கூட்டுறவுச் சட்டத்தைத் திருத்தி, முதியோர் நலப் பணியையும் அச்சங்கங்கள் மேற்கொள்ள இடமளித்தார்கள். அதற்குச் சற்று முன்னிருந்தே கூட்டுறவுகளின் மகளிர் பிரிவினர் வீட்டு உதவியாளர் பயிற்சி பெற்று வந்தனர். நாற்று நட்டுத் திரும்பிய பெண்கள் அண்டை வீட்டு முதியவரைக் குளிப்பாட்டச் சென்றனர். 2000 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தபோது, 40 வயது முதல் அனைவரும் சந்தா செலுத்த வேண்டும் என்றாயிற்று. அப்போது இப்பெண்களின் பயிற்சி ஊதியமுள்ள தொழிலாக மாறிற்று. இதற்கெல்லாம் நெடுநாள் முன்பே, நாகானோ மலைநாட்டில் வேளாண் கூட்டுறவின் சாகு மருத்துவமனைக்கு 1945இல் வந்து சேர்ந்த டாக்டர் வகாட்சுகி, நோயாளி வரட்டும் என்று காத்திராமல் கிராமங்களுக்குச் சென்று மருத்துவம் செய்தார். 1976இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

நம் சங்கங்கள் நாளையே இவற்றைச் செய்துவிட முடியும் என்று நாம் சொல்லவில்லை. நூல் வாங்கவே பணமின்றித் தவிக்கும் சங்கங்களை நாம் அறிவோம். ஆயினும், ஊரில் இத்தொழிலைச் செய்யும் நான்கைந்து பெண்கள் யார் யார் என்று ஒரு பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்ளச் செலவு ஏதுமில்லை. பகல் கூலி இன்னது, இரவுக் கூலி இன்னது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று எழுதி வைக்கவும் ஒரு தாளும் பேனாவுமே வேண்டும். ஓய்வு நாளை நாம் வற்புறுத்துகிறோம். இரவும் பகலும் ஒருவரையே ஓய்வின்றிப் பேணுபவர் தாமும் நோயுறுவார்; மருமகளானாலும் கூலியாளானாலும் இதில் வேற்றுமையில்லை. ‘வீட்டுப் பெண்கள் செய்ய வேண்டியதற்குக் கூலியா?’ என்று கேட்கும் அன்பர்கள், தம் வீட்டில் அதைச் செய்பவர் கடைசியாக முழு இரவு உறங்கியது எப்போது என்று விசாரித்துவிட்டு நமக்கு எழுதுவார்களாக.

சென்ற மாதம் அந்த அம்மையார் தம் ஊர் நெசவாளர் சங்கத்துக்கு வந்தார். இப்போது மூன்று வீடுகளில் அவரை அழைக்கிறார்கள். வேறு இரு பெண்களைத் தம்முடன் சேர்த்துக்கொண்டு வேலை பழக்கி வருகிறார். சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்ந்து சிறுசேமிப்புப் போடலாமா என்று கேட்டார். நெசவுத் தொழில் செய்வோரையே சேர்க்க வேண்டும் என்பது துணைவிதி. எழுத்தர் நல்லவர், தார் சுற்றுவதும் நெசவைச் சார்ந்ததுதானே, அதையே எழுதுங்கள் என்று விண்ணப்பத் தாளை நீட்டினார். அம்மையார் தாளை வாங்கி, ‘தொழில்’ என்ற கட்டத்தின் எதிரே சற்று நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்து, ‘முதியோரைப் பேணுதல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவ்விண்ணப்பம் நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஐந்தாவது பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது. நான்காவது பொருள், கழிவு நூல் ஏலம்.